பாதிக் கிணறும் முழுத் தொகுதியும்

மந்தைவெளியில் தையல் டீச்சர் ஃப்ளோரன்ஸுக்கும் அடுத்த வீட்டு வண்டிப்பட்டறை ரகுபதிக்கும் ஒரே கிணறு. குறுக்கே மதில் ஓடியதால் ஆளுக்குப் பாதி. ஆளுக்கொரு கட்சி வேறு. தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் சண்டை.

ஆனால் நாற்பத்தாறாம் வருஷத் தேர்தலில் ஃப்ளோரன்ஸ் கிறிஸ்தவர்களுக்கென்று இருந்த தொகுதியில் ஓட்டுப் போட்டாள், ரகுபதி பொதுத் தொகுதியில். ஒரே தண்ணீரைக் குடிப்பவர்களை எந்தக் கோடு பிரிக்கிறது என்று அவளுக்குக் குடைந்துகொண்டே இருந்தது.

நாற்பத்தொன்பது கடைசியில் புது அரசியல் சட்டம் நிறைவேறியது. பேப்பரும் கையுமாகக் கிணற்றடிக்கு வந்தாள்.

“ரகுபதி, இனிமே மதத்தைப் பாத்துத் தொகுதி கிடையாது. இடத்தையும் ஜனத்தொகையையும் பாத்துத்தான் பிரிப்பாங்களாம். நாம ஒரே தொகுதி. இப்பதான் உன் ஆளை நான் தோக்கடிக்க முடியும்.”

“பாக்கலாம் டீச்சரம்மா.”

ரகுபதியின் தங்கை ரத்னா வாளியை இறக்கினாள். படிப்பும் சொத்தும் இல்லாததால் அவளுக்கு அதுவரை ஓட்டே இல்லை.

“டீச்சர், எனக்கும் ஓட்டு கீதா?”

“இருபத்தோரு வயசான எல்லாருக்கும் உண்டு.”

“அப்போ உங்க ரெண்டு பேர் ஓட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் பூடும். மிச்சம் கீறது என்னுதுதான்.”