சிரித்தவர் டீ போட வேண்டும்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தியை மளிகைக் கடையில் கேட்டேன். கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துக்கொண்டே, "டீச்சர் தவறிட்டாங்களாமே சார், காலையில வெள்ளனே. ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தீப்பெட்டியும் சேர்த்துப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றும் வரவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்காக ஒரு விளக்கம்: எஸ்தர் ஒரு மிஷன் பள்ளியில் தையல் ஆசிரியை. தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய கூடத்தில், சனிக்கிழமை மதியங்களில், மலைக் கிராமங்களுக்குப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுக்க விரும்பியவர்களைக் கூட்டினார். யாருக்கும் சம்பளம் கிடையாது. அடுப்பு கட்டும் முறையை ஒரே தாளில் ஸ்டென்சில் வெட்டி, உருளையில் மை தடவிப் படியெடுத்துக் கொடுப்போம். தாளின் அடியில் அவர் எழுதிய வரி எல்லாப் பதிப்பிலும் இருக்கும்: "யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம். மாற்றிக் கட்டினால் எங்களுக்கும் சொல்லுங்கள்." ஊர் எங்களை அடுப்புக் கூட்டம் என்று கேலி செய்தது. புகைபோக்கியின் அளவுகளைக் கணக்கிட்டவன் நான். இயற்பியல் முதுகலை படித்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

முதல் மாதத்தில் சவரிமுத்து என்ற கொத்தனார் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த செ.மீ.ங்கிறது யாருங்க?" என்று கேட்டார். எங்களோடு கூட்டத்துக்கு வரும் தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர் கோபப்படவில்லை. "சிரிச்சீங்கல்ல? எந்திரிச்சுப் போயி எல்லாருக்கும் டீ போடுங்க" என்றார். தபால்காரர் போட்டார். அன்றிலிருந்து அதுவே எங்கள் ஒரே விதி. ஒருவர் கேட்கும் கேள்விக்கு யார் சிரித்தாலும் அவர் எழுந்துபோய் டீ போட வேண்டும். அதற்குமேல் பேச்சு கிடையாது. அடுத்த பதிப்பில் அளவுகள் சாணும் விரலுமாக மாறின. "ஆளாளுக்கு விரல் ஒரே அளவா இருக்குமா?" என்று வாதாடினேன். "அடுப்பு அவங்கவங்க கைக்குத்தானே சார்" என்றார் டீச்சர்.

இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமையின் வடிவம் என்று பேசினார்கள். பேசியவர்கள் அவரோடு வேலை செய்தவர்கள் அல்ல. ஒரு எழுத்து பிசகினால் ஸ்டென்சிலைக் கிழித்து எறிவார். சிரிப்பும் அவருக்கு அடங்காது. தேவாலயத்தில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒருநாள், இந்த அடுப்பில் கல்யாண அண்டா உட்காருமா என்று கேட்டபோது முதலில் சிரித்தது அவர்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். பாயசம்போல் ஒரு டீ வந்தது. "குத்தவாளி போட்டது. அப்பிடித்தான் இருக்கும், குடிங்க" என்றார்.

இனி முத்தம்மாவின் நாள். பேத்துப்பாறை என்ற மலைக் கிராமத்தில் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகும் பெண். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்கள் கூடத்தில் புதிதாக வருபவர்தான் முதலில் பேசுவார். அதுவும் டீச்சரின் ஏற்பாடு. முத்தம்மா எழுந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "பொகையெல்லாம் வெளிய போயிட்டா, புல்லுக் கூரைக்கு யாருங்க காவலு?"

"ஏம்மா, புகைக்கு வாட்ச்மேன் உத்தியோகமா கொடுத்திருக்கீங்க?" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். கூடமே சிரித்தது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "சார், டீ" என்றார்.

"நான் எம்.எஸ்ஸி. படிச்சது டீ போடுறதுக்கு இல்லை."

"தபால்காரர் போட்டாரே சார். நானே போட்டேனே."

நான் எழவில்லை. கடைசியில் முத்தம்மாதான் எழுந்தாள். "என்னாத்துக்குங்க சண்டை? நான் போடுறேன்" என்று உள்ளே போனாள். அவள் கொண்டுவந்த டம்ளரை வாங்கி நான் குடித்தேன். அதன்பின் அவள் வரவில்லை. நானும் போகவில்லை.

பிறகு நடந்தவை தபால்காரர் சொல்லித் தெரியும். டீச்சர் தொடர்ந்து பல சனிக்கிழமைகள் கூட்டத்தை விட்டுவிட்டுப் பேத்துப்பாறைக்கு நடந்தே போனார். முத்தம்மா கதவைத் திறக்காத நாளில் வெளியே கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். கடைசியில் அவளே டீச்சரை அழைத்துப்போய், என் அளவுப்படி அடுப்பு கட்டிய இரண்டு வீடுகளைக் காட்டினாள். புகை படாத கூரையில் வண்டு துளைத்து, மூங்கில் உளுத்து மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்ந்தது: "புல் கூரை வீடுகளில் வாரம் ஒருநாள் புகைபோக்கியை அடைத்துவிட்டு எரிக்கவும்." என்னைக் கேட்காமல் சேர்த்தார்கள். முத்தம்மா கூட்டத்துக்குத் திரும்பினாள். பண்ணைக்காடு வரைக்கும் போய் அடுப்புக் கட்டினாள்.

என் வாழ்க்கையில் எனக்கு வரவேண்டியவை பல வரவில்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியர் பதவி என்னைவிட இளையவருக்குப் போனது. அதையெல்லாம் நான் மறப்பவன் அல்ல. ஆனால் நான் அதிகம் சுமந்தது இதைத்தான்: டீச்சர் முத்தம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார், என் வீட்டுக்கு ஒருமுறைகூட வரவில்லை. கூட்டத்துக்குப் போகாத அந்தச் சனிக்கிழமைகளில் மதியம் சாப்பிட்டதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன். பிறகு ஏழெட்டு ஆண்டுகள், சந்தையில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார். நானும் அசைப்பேன். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் போனேன். மூடுபனியில் யார் யார் என்று தெரியவில்லை. குழியை மூடிவிட்டு எல்லோரும் திரும்பும்போது முத்தம்மா பக்கத்தில் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. "சார், சொகமா இருக்கீங்களா?" என்றாள். இத்தனை வருடம் வைத்திருந்ததை அவளிடமே கேட்டுவிட்டேன்: "உன்னைத் தேடி அத்தனை தடவை வந்தாங்களே, என்னைத் தேடி ஏன் வரலை?"

அவள் என்னைப் பார்த்தாள். "வந்தாங்களே சார். ரெண்டு தடவை. நாந்தான் தொணைக்கு வந்தேன். ஒங்க வீட்டு கேட்டுல கை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. நீங்க உள்ள ஒக்காந்திருந்தது சன்னல் கண்ணாடியில தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"'வேணாம் முத்தம்மா, வா போயிரலாம். அந்த மனுசரப் பாத்தா எனக்குப் பயமா கெடக்கு'ன்னு சொன்னாங்க. ரெண்டாந்தடவை கேட்டைத் தொறக்கப் போயி, கையை எடுத்துட்டாங்க சார். நாந்தான் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

தப்பாக எதுவும் சொன்னதாக அவள் நினைக்கவில்லை. வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று எனக்கு வழி சொல்லிவிட்டுப் போனாள்.

எவரும் பயமில்லாமல் வாய் திறக்கக்கூடிய ஓர் அறையை எஸ்தர் டீச்சர் இந்த ஊரில் உண்டாக்கினார். கொத்தனாரும் கூலிப் பெண்ணும் அங்கே கேள்வி கேட்டார்கள். அவரைத் தெரிந்தவர்கள் அவரவர்க்குக் கிடைத்த அன்பைச் சொல்கிறீர்கள். என்னிடம் இருப்பது அவருடைய பயம். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நான் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியும்படி நான் எழுந்து நிற்கவில்லை.