கறிவேப்பிலைச் சாடியில் தோட்டாக்கள்

சுவிஸில் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பற்சில்லுகளை உருப்பெருக்கியில் பார்த்து, பழுதானதைக் கழிப்பது வேணுகாவின் வேலை. முப்பத்தொரு வயது. வேட்டைப் பரீட்சையில் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளுடைய முதல் மான் வேட்டை. வேட்டைக் குழுத் தலைவர் தோட்டாவைப் பார்ப்பார். விதிக்குப் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

மானை வீழ்த்துவது நீளத் துப்பாக்கி. காயப்பட்டுக் கிடக்கும் மானின் வேதனையை அருகில் நின்று முடிக்க மட்டுமே கைத்துப்பாக்கி.

துப்பாக்கிக் கடைக்காரர் அவளுக்கென்று ஒரு சின்னக் கைத்துப்பாக்கியையும் அதற்குரிய தோட்டாவையும் எடுத்து வைத்திருந்தார். பெண்களின் கைக்கு உதைக்காது என்றார். வேணுகா விதித்தாளை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். அந்தத் தோட்டாவின் விசை போதாது. என் கை நோகாமல் இருக்க மான் இரண்டு தரம் சாக வேண்டுமா என்று கேட்டாள். அதைவிடப் பெரிய முப்பத்தெட்டு ரகக் கைத்துப்பாக்கியை வாங்கினாள். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு மூன்று வாரம் சுட்டுப் பழகினாள்.

வெள்ளி மாலை புதுத் தோட்டாப் பெட்டியைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. அப்பா பாலேந்திரன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பெட்டி எங்கை?"

"மேசையில துவக்கு ரவை கிடக்குது. பொலிஸ் வந்தா என்ன சொல்லுறது?"

"எந்தப் பொலிஸ்? பேர்மிற் தந்ததே அவங்கள்தான்."

"ஊரிலை வேலியடியில ஒரு வெறும் ரவைக்கோது கிடந்ததுக்கு என்ரை அண்ணையைக் கொண்டுபோனவங்கள். ஆள் திரும்பேல்லை."

வேணுகா கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கடை நாளைக்கு ஒன்பதுக்குத்தான் திறக்கும். ஏழுக்கு நான் அங்கை நிக்கோணும்."

"நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தம். நீ காசு குடுத்து வாங்குறாய்."

"ஓம். என்ரை பேரிலை. கையெழுத்து வைச்சு."

அவர் பல்கனியைப் பார்த்தார். கறிவேப்பிலைச் சாடியில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. அகப்பைக் காம்பால் தோண்டினாள். பொலித்தீன் இரண்டு சுற்று. வாய் மெழுகுதிரி உருக்கி அடைத்திருந்தது. அவள் குளித்து முடிப்பதற்குள் இத்தனையும். உள்ளே பெட்டி ஈரமே படாமல் இருந்தது.

"தண்ணி போகாது," என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"வடிவாத்தான் தாட்டிருக்கிறியள். இதுதான் கடைசி."

காலையில் அவள் துப்பாக்கிப் பெட்டியோடு பேருந்தில் ஏறினாள். சாரதி வணக்கம் சொன்னான்.

காட்டோரத் தரிப்பிடத்தில் குழுத் தலைவர் ஒரு தோட்டாவை எடுத்து அடியில் பொறித்திருந்ததை வாசித்தார். பெட்டியின் மூலையில் ஏன் மண் என்று கேட்டார். அப்பா புதைத்தார் என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் நிறுத்தும்வரை வேணுகா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவர் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்து, அவளுடைய முழுப் பெயரைக் கேட்டுப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

தொலைபேசி அதிர்ந்தது. அப்பா.

"விட்டவங்களோ?"

"ஓம்."

"பேர் கேட்டவங்களோ?"

"கேட்டவங்கள். உங்கடை பேரையும் சேர்த்துத்தான் சொன்னனான்."