விழுந்தால் மட்டும் ஏற்று

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் புதுச்சேரியில் புஷ்-புஷ் வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை, மரக்காணத்தில் உப்பு, நடுவில் ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

புஷ்-புஷ்ஷைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுப்பான். இதைப் பின்னால் நின்று தள்ள வேண்டும். முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பி உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். எங்கே போவது என்பது அவர் பாடு. நம்முடைய தோளும் காலும் மட்டும் போதும்.

வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே சொல்தா என்பார்கள். இவர் இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு, சார்ஜண்டாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பியவர். தெருவே அவரை முசே என்றது, பிரெஞ்சில் ஐயா; அவர் மனைவி மதாம். அவருடைய மனைவிக்கு நாற்பது வயது இருக்கும். மாதா கோயில் பூசைக்குப் போகும்போது மட்டும் முன்பு என் வண்டியில் ஏறியிருக்கிறார்.

ஒருநாள் முசே என்னை வாசலில் நிறுத்திவைத்துப் பேசினார்.

"நாளையிலிருந்து காலையில ஆறு மணிக்கு வந்துடு. மதாம் லைட் ஹவுஸ் வரைக்கும் நடந்துட்டு திரும்புவாங்க. நீ பத்தடி பின்னால வண்டியத் தள்ளிக்கிட்டு வா. மாசக் கூலி."

"ஏறிக்குவாங்களா முசே?"

"ஏற மாட்டாங்க. விழுந்தா மட்டும் ஏத்து."

அந்த அம்மாவுக்கு என்ன கோளாறு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைப்பு. உடம்பு போட்டுவிட்டது. காலும் முகமும் ஊதிப்போயிருந்தன. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினார். சமைத்துக்கொண்டே இருக்கும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவார். "தின்னுட்டு தின்னுட்டு ஒக்காந்தா கொழுப்பு வைக்காம என்னா பண்ணும்" என்றார் முசே. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த அம்மா ஒரு வேளைக்கு ஒரு கரண்டிச் சோறுகூட முழுதாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதே தெருவில் அந்த வருஷம் ஒரு குமாஸ்தாவுக்கு நெஞ்சு வலித்தது. நெஞ்சைப் பிடித்தார். நாலு பேர் தூக்கி என் வண்டியில் போட்டார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே ஓடி வந்தார்கள். வாயு என்று சொல்லி டாக்டர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். இந்த அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. வினை அதில்தான் இருந்தது. வலிக்காத நெஞ்சைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

முதல் வாரம் முசேவே கூட நடந்தார். "அன், தெ! அன், தெ!" என்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே நடத்துவார். கடற்கரைச் சாலையில் மீன் கூடையோடு வருகிற வைத்திக்குப்பத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னா மதாம், பட்டாளத்துல சேந்துட்டியா?"

"துப்பாக்கி எங்க வச்சிருக்க? பொடவைக்குள்ளயா?"

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்க முயன்றார். சிரிப்புக்கு மூச்சு போதவில்லை.

முசே கெட்ட மனுஷர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் என்னிடமே சொன்னார்: "காட்டுல மூணு நாள் நடந்தோம்டா. முடியலன்னு ஒக்காந்தவன் எவனும் திரும்பி வரல. நடந்தவன்தான் வந்தான். இவள ஒக்கார விட்டா செத்துடுவா." கண் கலங்கித்தான் சொன்னார். அந்த மருந்து ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

இரண்டாம் வாரம் அவருக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. வாசலில் நாற்காலி போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டார். நானும் அந்த அம்மாவும் மட்டும் போனோம்.

பத்தடி போவார், நிற்பார். நிற்பதை மறைக்கக் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார். இடிந்துபோன கடல் பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும் இடத்தில் ஒருநாள் புடவையைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலால் கெண்டைக்காலுக்கு மேலே அழுத்திக் காட்டினார். குழி விழுந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. குழி மேலே வரவே இல்லை.

"இது என்னாப்பா?"

"கொழுப்பும்மா" என்றேன்.

"கொஞ்ச நேரம் ஏறிக்கிறேன். திரும்பும்போது எறங்கிடறேன்."

"முசே விழுந்தா மட்டுந்தான் ஏத்தச் சொன்னாரும்மா."

என்னையே பார்த்தார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாக, சாலையின் நடுவில் உட்கார்ந்தார்.

"விழுந்துட்டேன். ஏத்து."

கை கொடுத்து ஏற்றினேன். கம்பியைப் பிடித்தார். வீட்டுக்குத்தான் என்று தள்ளினேன். சக்கரம் மேற்கே திரும்பியது. "எங்கம்மா?" என்றேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டர் பார்த்தார். நான் கதவருகே நின்றேன். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார், மார்பில் வைத்துக் கேட்டார், ரொம்ப நேரம் வைத்திருந்தார். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா?" என்றார்.

"பன்னண்டு வயசுல. ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தேன்."

"அப்ப கெட்டதுதான் இது. இருதயத்துக்குள்ள ஒரு கதவு சுருங்கிப்போச்சு. ரத்தம் தேங்கி நிக்குது. நெஞ்சுல தண்ணி, கால்ல தண்ணி. இது கொழுப்பு இல்ல. எத்தனை மாசமா மூச்சு வாங்குது?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா எங்க இருந்தீங்க?"

அந்த அம்மா புடவையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். உப்பு கூடாது. நடக்கவே கூடாது. தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும். மறுநாளே வீட்டுக்காரரை அழைத்துவர வேண்டும். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அந்த அம்மா முன்னாலிருந்தே பேசினார். முகம் எனக்குத் தெரியவில்லை.

"சீட்டக் காட்டினா நம்ப மாட்டாரு. ஒன்னத்தான் கேப்பாரு. நான் விழுந்தேன்னு சொல்லுப்பா. நெசமாவே விழுந்தேன்னு."

"சரிம்மா."

முசே சீட்டைப் படித்தார். மதராஸ் டாக்டரின் கையெழுத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். பிறகு அந்த அம்மா சொன்னதுபோலவே என் பக்கம் திரும்பினார்.

"விழுந்தாளா?"

அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழல முசே. ஒக்காந்தாங்க."

அவ்வளவுதான். சீட்டு நாலாகக் கிழிந்தது. மாத்திரை எங்கே போயிற்றோ தெரியாது. "நாடகம் ஆடி டாக்டரையே ஏமாத்திட்டா" என்றார் அவர். மறுநாள் ஆறு மணிக்கு நடை தொடங்கியது. என்னை விலக்கவில்லை. நம்பிக்கையான ஆள் என்று தெருவில் சொன்னாராம்.

அதன்பின் அந்த அம்மா என்னோடு பேசவில்லை. ஆறாவது நாள், கடல் பாலத்தைத் தாண்டி, பக்கவாட்டில் சாய்ந்தார். கையை ஊன்றவில்லை. நான் வண்டியைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஒரு பீடியைப் பாதி இழுக்கிற நேரம் இருக்கும்.

"எழுந்திருங்கம்மா. போன வாட்டி மாதிரி வாணாம். முசே கேட்டா நான் என்னா சொல்றது?"

மீன்காரி ஒருத்தி கூடையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முதல் வாரம் துப்பாக்கியைக் கேட்டவள் அவள்தான். அந்த அம்மாவின் முகத்தைத் திருப்பினாள்.

"எருமமாடு! ஒதடு நீலமா கெடக்குது, நின்னு பேசிக்கிட்டிருக்க. தூக்குடா!"

தூக்கிப் போட்டோம். கம்பியைப் பிடிக்க ஆள் இல்லாததால் வண்டி நேராகப் போகவில்லை, சாக்கடைப் பக்கமே இழுத்தது. மீன்காரி ஏறி, அந்த அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். அப்படித்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

அதே டாக்டர் வந்தார். ஊசி போட்டார்கள். முதுகுக்கு அண்டை கொடுத்து உட்காரவைத்தார்கள். முசே வந்தார், மேஸ்திரிபோல் எல்லோரிடமும் கேள்வி கேட்டார். அந்த லேடி டாக்டர் அவரிடம் என்ன சொன்னாரோ, அதன்பின் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தவர் எழவில்லை.

மறுநாள் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாவுக்குப் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"ஒரு பொய்யி. ஒண்ணே ஒண்ணு கேட்டேன் ஒன்ன."

"கேட்டாரும்மா. சொல்லிட்டேன்."

"கூலி போயிடும்னு பயமா?"

"இல்லம்மா."

அது உண்மை. வேறு கூலி கிடைத்திருக்கும். எனக்கு வேலையை விடுவது புதிதல்ல. பயம் என்றே சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. எத்தனையோ பேரை உட்காரவைத்துத் தள்ளிய எனக்கு, வண்டி காலியாக இருக்க, ஏற வேண்டியவள் எனக்கு முன்னால் மூச்சு வாங்க நடந்ததைப் பார்ப்பது பிடித்திருந்தது. ஒவ்வொரு காலையும் பிடித்திருந்தது.

"அப்புறம் ஏன்?"

அந்த அம்மா கட்டிலருகே இருந்த கன்னியாஸ்திரியைப் பார்த்து, "இந்த ஆள வெளிய அனுப்புங்க சிஸ்டர்" என்றார். நன்றாகக் கேட்கும்படி சொன்னார். அதற்கு மட்டும் மூச்சு இருந்தது.

வெளியே வந்து ரயிலடிக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு போனேன். மத்தியானம் ஆஸ்பத்திரி வழியாகத் திரும்பும்போது முசே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை காட்டினார். நிறுத்தினேன். அதுவரை அவர் என் வண்டியில் ஏறியதே இல்லை. தன் கால் இருக்கும்போது இன்னொருத்தன் காலில் போகமாட்டேன் என்பவர்.

"எங்க முசே?"

"கோயிலுக்கு. சாவு மணி அடிக்கச் சொல்லணும்."

ஏறி உட்கார்ந்தார். தள்ளினேன். கோயில் வரைக்கும் கம்பியை நேராகத்தான் பிடித்திருந்தார்.