அப்பா ஓட்டியது தோல் வண்டி

இந்த நாட்டில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். பனி உருகுவதற்காக, லாரி லாரியாகக் கல்லுப்பு. கனடாவுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆம்பூரில் எங்களுக்கு உப்பு என்றால் சோற்றுக்கு அடுத்தபடி தோலுக்கு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பில் புரட்டித்தான் அடுக்குவார்கள். அந்தத் தோலைத்தான் என் அப்பா இருபது வருடம் ஜீப் பிக்கப்பில் ஏற்றித் தோல் பதனிடும் ஷாப்புகளில் இறக்கினார்.

போன ஜூலையில் இங்கே சர்ச் மைதானத்தில் பழைய பிக்கப் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று, அது முன்பு என்ன வேலை செய்தது என்று பெருமையடித்தார்கள். எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பின்பக்கத் தரையில் வட்ட வட்டமாக நசுங்கியிருந்தால் பால் கேன். பக்கப் பலகை முழுக்கக் கீறலாக இருந்தால் வைக்கோல். பச்சை வண்டி ஒன்றின் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. துருவை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! "தோல் ஏற்றிய வண்டியா?" என்று கேட்டேன். வண்டிக்குச் சொந்தக்காரரான கிழவர் என் நாக்கையே பார்த்தார். "பன்றி ஏற்றியது. என் அப்பா பன்றி வளர்த்தார். உப்பு ரோட்டிலிருந்து ஒட்டியது, தம்பி" என்றார்.

குனிந்து பார்த்தேன். துரு கீழேயிருந்து மேலே ஏறியிருந்தது. தோல் வண்டியென்றால் உப்புத்தண்ணீர் சொட்டி மேலிருந்து கீழே அரித்திருக்கும். ஆம்பூர்க்காரனைத் தவிர எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். ஆனால் பன்றி என்று சொல்லும்போது அந்த மனிதர் குரலில் ஒரு துளி கூச்சமில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

ஆம்பூரில் அப்பா அந்தத் தோல் வண்டியிலேயே என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வருவார். "தோல் வண்டி வர்து டோய்!" என்று பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தோலில் செய்த ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டுதான் மூக்கைப் பிடித்தார்கள். ஒருநாள் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். மறுநாளிலிருந்து நான் சொல்லாமலே அங்கே நிறுத்தினார். வேலூரில் காலேஜ் சேர்ந்தபோது, அப்பா பால் வண்டி ஓட்டுகிறார் என்று சொன்னேன். சாகும்முன் அவர் அந்த வண்டியை என் பெயருக்குத்தான் மாற்றியிருந்தார்.

அன்று சர்ச் மைதானத்தில் நிற்கும்போதே ஆம்பூரிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வந்தான். பழைய வண்டிகளைச் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வண்டி என் பெயரில் இருப்பதால் என் சம்மதம் வேண்டும்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "டேய், இன்னா லோடு அட்ச்சதுன்னு கேக்குறாரு. பால்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. தோல்னா பேஜாராயிடும், வாங்காம பூடுவாரு. என் பொண்ண பாக்க வர்றவங்க வாசல்ல மொதல்ல இதத்தான் பாக்குறாங்க."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "சார், அது பால் வண்டி இல்ல. இருபது வருசம் தோல் ஏத்துன வண்டி."

அவர் சிரித்தார். "அதனாலென்ன சார்? பெயின்ட் அடிச்சு நாலு பால் கேன் வச்சிடுவேன். பாக்கறவங்களுக்கு அதான் பிடிக்கும்."

"அப்படின்னா குடுக்கறதா இல்ல" என்றேன்.

அவர் போன பிறகு அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான். "காலேஜ்ல பால் வண்டின்னு சொன்னது யாருடா? நானா? அங்க குந்திகினு வீரம் பேசுற. தெனம் இத பாத்துனு இருக்கறவன் நானு. முடிஞ்சா வந்து எடுத்துனு போ."

நான் போய் எடுக்கவில்லை; வண்டி இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறது.

சும்மா நின்றால் எஞ்சின் இறுகிவிடும். அதனால் ஞாயிறு சாயங்காலம் அண்ணன் அதை ஸ்டார்ட் செய்கிறான். இங்கே அப்போது காலை. எனக்குப் போன் போட்டு பானட் மேல் வைப்பான். நான் என் காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். என் பெயரில் இருக்கும் வண்டிக்கு அவன் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிறான்.