பிரளயக் கப்பல்

மயிலாப்பூர் குளக்கரையில் ஒருவர் உள்ளங்கை அளவுத் தகரக் கப்பல்கள் விற்கிறார். வெள்ளிக்கிழமை கடல் பொங்கி ஊரையே விழுங்கப்போகிறது என்று யாரோ ஒரு ஜோசியர் நோட்டீஸ் போட்டதிலிருந்து, இந்தப் பொம்மைக்குப் 'பிரளயக் கப்பல்' என்று பெயர். வியாபாரம் அமோகம். நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

சாந்தோம் மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஒரு கப்பலை எடுத்து வாளித் தண்ணீரில் விடுகிறாள். அது குப்புறக் கவிழ்கிறது.

"அடியில கனமே இல்லியே நைனா, எப்டி நிக்கும்?"

இரண்டு கூழாங்கற்களை உள்ளே போடுகிறாள். கப்பல் நிமிர்ந்து மிதக்கிறது. வியாபாரி அவசரமாகக் கல் பொறுக்க ஓடுகிறார்.

"வெள்ளிக்கிழமையை நினைத்தால் பயமாக இல்லையா அம்மா?" என்று கேட்கிறேன்.

"இன்னாத்துக்கு சாமி பயம்?" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறாள். "கடலே இங்க வந்துட்சின்னா, நான் தெனம் இத்த தூக்கிகினு இம்மாந்தூரம் நடக்க வாணாம்."