மினுக்கு லைற்றைக் கழட்டின பின்னேரம்

ட்ரோன் விடுறது மேலை பாக்கிற வேலை எண்டு சனம் நினைக்குது; உண்மையிலை அது கீழை நிக்கிறவையிட்டைப் பேச்சு வாங்கிற வேலை. கலியாணம், கோயில் எண்டு கமெராவோடை அலையிற என்னைப்போலை ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். பொழுதுபட்டால் ட்ரோன் எங்கை நிக்குதெண்டு கண்ணுக்குத் தெரியாது. அதாலை அதின்ரை வயித்திலை ஒரு குட்டிச் சிவப்பு மினுக்கு லைற் ஒட்டித்தான் விடுவன். அந்தக் கோதாரி லைற்றாலை நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அம்புலன்ஸ்

உரும்பிராயிலை ஒரு கலியாணம். மங்கல் வெளிச்சத்திலை பொம்பிளை மாப்பிளையை வாழைத்தோட்டத்துக்குள்ளை நடக்கவிட்டுப் படம் எடுக்கிறன். ட்ரோனைக் கொஞ்சம் கீழை பதிச்சுப்போட்டன் போலை. லைற் வெட்டி வெட்டி அடிக்க, கூறைச்சீலை முழுக்கச் சிவப்பு. பொம்பிளையின்ரை தாய் வரம்பிலை நிண்டு கத்தினா: "தம்பி, என்ரை பிள்ளை மாப்பிளையோடை போறாளோ, ஆஸ்பத்திரிக்குப் போறாளோ?"

தாளம்

பிறகு அளவெட்டியிலை ஒரு கோயில் திருவிழா. அண்டைக்கு என்ரை அக்காவும் வந்திருந்தா. வன்னியிலை கலியாணம் கட்டி, கடைசிச் சண்டையிலை அத்தானைப் பறிகுடுத்திட்டு வந்தவ. பொழுதுபட்டால் படலை தாண்டமாட்டா. "நான் விடுறதை ஒருக்காப் பாரணை" எண்டு கெஞ்சிக் கெஞ்சித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். மேலை லைற் மினுங்க மினுங்க, பக்கத்திலை நிண்ட சனத்துக்கு "அது என்ரை தம்பீன்ரை" எண்டு காட்டிக்கொண்டு நிண்டா. எனக்கு அதைப் பாக்கவே போதுமாயிருந்தது.

சாமி வெளிவீதி வரேக்கை, தவில் அண்ணை கையை நிப்பாட்டி என்னைக் கூப்பிட்டார். பெரிய வித்துவான், அவரோடை ஆர் தனகிறது? முகத்தைச் சுளிச்சுக்கொண்டு சொன்னார்: "உந்த லைற் ஒரு தாளத்திலை மினுங்குது, நான் ஒரு தாளத்திலை அடிக்கிறன். ஒண்டில் உதைக் கழட்டு, இல்லாட்டி நான் தவிலைக் கழட்டுறன்."

வண்டு

லைற்றைக் கழட்டிப்போட்டு ட்ரோனைத் திருப்பி ஏத்தினன். மேளம் முழங்குமட்டும் ஒரு பிரச்சினையுமில்லை. மேளம் ஓய்ஞ்சுது. இருட்டுப்பட்ட வானத்திலை இரைச்சல் மட்டும் கேட்டுது. அக்கா நிமிந்து பாத்தா, ஒண்டும் தெரியேல்லை. அருச்சனைத் தட்டைப் போட்டுட்டு, தேர்முட்டிக்குப் பக்கத்திலை மண்ணிலை குப்புறப் படுத்திட்டா. ரெண்டு கையும் தலைக்கு மேலை.

ஐயோ, நான் எப்பிடி ட்ரோனை இறக்கினன், எப்பிடி ஓடினன் எண்டே தெரியாது. "அக்கா, என்ரைதான் அக்கா, என்ரைதான்" எண்டு தூக்கி இருத்தினன். சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது. அவ என்னை ஏசேல்லை, ஏசியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். சீலையிலை ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு மெதுவாச் சொன்னா: "அங்கை ஷெல் விழ முந்தி எங்களுக்கு மேலை சுத்தின வேவு வண்டுக்கும் லைற் இல்லையடா."

அடுத்தநாள்

அக்கா வரேல்லை. இப்ப அவ காலமைப் பூசையோடை சரி. அண்டைக்கு நான் கோயிலிலை ட்ரோன் பெட்டியைத் திறக்க முந்தி தவில் அண்ணை வந்து பக்கத்திலை குந்தினார். தவில் வாரை இழுத்து இறுக்கினார். பிறகு சொன்னார்: "லைற்றைப் போட்டே விடு தம்பி, நான் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறன்."

அந்தத் திருவிழாப் படத்தைக் கனடாவிலையிருந்தும் லண்டனிலையிருந்தும் சனம் பாத்துப் புகழுது, மூண்டு வீடு தள்ளியிருக்கிற என்ரை அக்காவுக்குத்தான் நான் இன்னும் அதைப் போட்டுக் காட்டேல்லை.