இரவல் பூட்ஸ்

என்னைத் தொடைநடுங்கி என்று ஊரே சொன்ன காலம் ஒன்று உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடுகிற ஆளா நான்? சொன்னவனோடெல்லாம் மல்லுக்கு நின்றேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிஜமாகவே என் தொடைதான் நடுங்கியது.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. எங்கள் வெண்ணந்தூர் வேதக்கோயிலில் ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. கீழே இரண்டு மிதிக்கட்டை. காலை மாற்றி மாற்றி மிதித்தால்தான் காற்று ஏறும், மேலே கை வாசிக்கலாம். ஆளில்லாத மத்தியானங்களில் தட்டித் தட்டிப் பார்த்தே பத்துப் பாட்டுத் தேற்றி வைத்திருந்தேன். தனியாக வாசித்தால் தேன். நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் போச்சு.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முதன்முதலாகச் சபை முன்னால் உட்கார்த்தினார்கள். இரண்டு வரி போனது. அப்புறம் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. காற்றுப் போதாமல் பெட்டி முனகி முனகி நின்றே போயிற்று. சபை சிரித்தது. பாட வந்திருந்த போர்டிங் பள்ளிக்கூடத்துப் பெண்களும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரம் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே திரிந்தேன். எட்டாம் நாள்தான் உறைத்தது, எட்டு நாளாக நான் அவளையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

என் அத்தை, அப்பாவுக்கு அக்கா, வாய்க்காரி. நான் சுற்றி வளைத்துச் சொன்னதை நேராகப் பிடித்துக்கொண்டு விசாரித்து வந்தாள். சேந்தமங்கலத்து உபதேசியார் மகளாம். ஊர் ஊராகப் போய் வேதம் சொல்கிறவர் அந்த உபதேசியார். அவரும் ஒரு காலத்தில் தறி நெய்தவர்தான். கூட நெய்த அண்ணன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே இருமி இருமிச் செத்துப்போக, அன்றைக்கு எழுந்து வந்தவர் திரும்ப இறங்கவே இல்லை. அத்தையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "தறிக்குழிக்குப் பொண்ணு குடுக்கறதில்லைங்க."

நானோ ஒன்பது வயதிலிருந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தறி மிதிக்கிறவன். அத்தை அசரவில்லை.

"ஐயோ, எங்க பையன் தறிப்பக்கமே போறதில்லைங்க. ஆர்மோனியந்தான் அவனுக்கு உசுரு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்குதுங்க" என்று கூசாமல் அடித்துவிட்டாள்.

"அப்படீங்களா. ராசிபுரத்துல வாலிபர் கூட்டம் வருதுங்களே, அதுக்கு வாரேன். பையன் வாசிக்கட்டும். பாத்துட்டுப் பேசிக்கலாம்" என்றாராம் அவர்.

ஆக, தடுமாறாமல் வாசிக்கவும் வேண்டும், தறிக்காரன் என்று தெரியவும் கூடாது. எது தப்பினாலும் அவள் எனக்கில்லை.

கூட்டத்தன்று காலையில் அத்தை ஒரு ஜோடி பூட்ஸோடு வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் இரவல். "உங் காலப் பாத்தா குருடனுக்குக்கூடத் தெரிஞ்சுபோகும் சாமி. மூடிக்க" என்றாள். பொய்யில்லை. மிதித்து மிதித்து என் பெருவிரல் தனியாக விலகி நிற்கும், உள்ளங்காலெல்லாம் காய்ப்பு. பூட்ஸ் பெரிதாக இருந்தது. முனையில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டேன். அடியில் லாடம் வேறு அடித்திருந்தது. ராசிபுரத்தில் வண்டியை விட்டு இறங்கிப் பத்தடி வைப்பதற்குள் இரண்டு தடவை இடறினேன்.

மிஷன் காம்பவுண்டில் ஓலைப்பந்தல். மத்தியானம் மூன்று மணி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆர்மோனியத்துக்கு நாலடி தள்ளி, முன்வரிசையிலேயே உபதேசியார், மடியில் குடையோடு. எதிரே போர்டிங் பெண்கள். அவளும் இருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை, அதற்குள் முந்தானை வாய்க்குப் போயிற்று. அடிப்பாவி!

பாட்டு நடத்தினவர் அதே கம்பவுண்டர். "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார். தலையாட்டினேன்.

மிதித்தேன். பூட்ஸுக்குள் இருந்த காலுக்கு மிதிக்கட்டை இருக்கிற இடமே தெரியவில்லை. ஒன்று வழுக்கிற்று, ஒன்று பாதியில் நின்றது. உடனே வந்துவிட்டது, அந்தப் பாழாய்ப்போன நடுக்கம். இந்தத் தடவை லாடமும் சேர்ந்துகொண்டது. கடகடவென்று அது கட்டையில் அடித்த சத்தம் பாட்டுக்கு மேலே கேட்டது. பாடுகிறவர்கள் ஒரு பக்கம் போனார்கள், பெட்டி ஒரு பக்கம் போயிற்று. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கம்பவுண்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மறுபடி முதல்லேருந்து" என்றார்.

பின்னாலிருந்து எவனோ, மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்: "தொடைநடுங்கி."

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, சத்தியமாக. பந்தலைத் தாண்டினால் ரோடு. பூட்ஸைக் கழற்றிவிட்டால் என் கால் கட்டையைக் கண்டுகொள்ளும், அது எனக்குத் தெரியும். கழற்றினால் உபதேசியார் என் காலைக் கண்டுகொள்வார், அதுவும் தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், கழற்றித் தொலைக்காதே என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. தோற்பதானால் என் காலோடு தோற்கிறேன், கம்பவுண்டர் பூட்ஸோடு எதற்காகத் தோற்கணும்? குனிந்து இரண்டையும் உதறித் தள்ளினேன். ஒன்று உருண்டுபோய் உபதேசியார் குடையில் முட்டி நின்றது.

கட்டை காலுக்குக் கிடைத்தது. வலது, இடது, வலது, இடது. நடுக்கம் உடனே போய்விட்டது என்று சொன்னால் பொய். முதல் வரியில் நடுங்கியது. இரண்டாம் வரியிலும் நடுங்கியது. ஆனால் கால் நிற்கவில்லை. குளிர்காய்ச்சலோடு எத்தனையோ நாள் தறி மிதித்திருக்கிறேன், நடுங்கிக்கொண்டே மிதித்திருக்கிறேன், அதற்காகத் துணி பாதியில் நின்றதில்லை. அது ஞாபகம் வந்ததும், நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போ என்று காலை அதன் போக்கில் விட்டுவிட்டேன். மூன்றாம் சரணத்தில் பார்த்தால் நடுக்கத்தைக் காணோம். எப்போது போனதென்றே தெரியவில்லை. பந்தல் முழுக்கப் பாடிற்று. நிமிர்ந்து பார்த்தேன். முந்தானை தோளில் கிடந்தது, அவள் வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள். அப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! நானே மிதக்கிற மாதிரி இருந்தது.

ஜெபம் முடிந்ததும் உபதேசியார் ஒற்றை பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நல்லா வாசிச்சீங்க சாமி" என்றார். மனசாரத்தான் சொன்னார். கண் மட்டும் என் பாதத்தை விட்டு அசையவில்லை. "ஒரு நாளைக்கு எத்தன கெஜம் நெய்வீங்க?"

அத்தை என் விலாவில் முழங்கையால் இடித்தாள். சின்ன வயசில் விளையாட்டுக்கு மிதித்ததுங்க என்று ஒரு வார்த்தை போதும், சமாளித்திருக்கலாம். என் கால் மேல் எனக்கு அப்போதுதான் ஒரு மரியாதை வந்திருந்தது. அதற்குள் எப்படி இல்லையென்று சொல்வது?

"எட்டு கெஜமுங்க" என்றேன்.

அவர் பூட்ஸை என் காலடியில் மெல்ல வைத்தார். "கோவிச்சுக்காதீங்க" என்றார். குடையை எடுத்துக்கொண்டு மகளைக் கூப்பிடப் போனார்.

"ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்று வெண்ணந்தூர் வரைக்கும் வண்டியில் அத்தை வைதுகொண்டே வந்தாள். நான் பூட்ஸ் முனையில் திணித்த துணியை உருவிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு எவனும் என்னைத் தொடைநடுங்கி என்று சொல்லவில்லை. சுற்றுப்பட்ட ஊர்களில் எந்தக் கூட்டமானாலும் வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அடுத்த தையில் சேந்தமங்கலத்திலிருந்தும் ஆள் வந்தது. அவளுக்குக் கல்யாணம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வீம்புக்குப் போனேன். மாப்பிள்ளை வாத்தியார், சொந்தப் பூட்ஸ் போட்டிருந்தார். நான் வெறுங்காலோடு உட்கார்ந்தேன். அவள் பெட்டியைத் தாண்டிப் போகும்போது குனிந்து என் காலைத்தான் பார்த்தாள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கால் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. ஒரே ஒரு தடவையாவது நடுங்கியிருக்கக் கூடாதா என்றிருந்தது. அவள் இன்னொரு முறை சிரித்திருப்பாள்.